மரவேலை தெரியாத ஒருவர் வீட்டிலேயே மரப்படகு கட்ட முடியுமா?

முடியும். உளி பிடித்துப் பழக்கமில்லாத நானே ஒன்று கட்டியிருக்கிறேன். எட்டடி நீளம், இரண்டு பேர் உட்கார்ந்து தண்டு வலிக்கிற அளவு. நாகர்கோவில் பக்கம் வீட்டுக் கார் ஷெட்டில் வைத்துத்தான் கட்டினேன். கார் வெளியே வெயிலில் நின்றது, அதைப் பற்றி வீட்டில் இன்றும் பேச்சு உண்டு.

ஆனால் மரப்படகு என்றதும் மனதில் வருகிற படகை முதல்முறை தொடாதீர்கள். அடியில் முதுகெலும்புபோல் ஏரா வைத்து, விலா எலும்புபோல் வங்குகள் நிறுத்தி, பலகை பலகையாக வளைத்து அறைந்து, இடுக்கில் பஞ்சு திணிக்கிற படகு அது. கண்ணளவிலேயே வளைவு எடுக்கிற ஆசாரிமாரின் வேலை. அதோடு அந்த மாதிரிப் படகு தண்ணீரிலேயே கிடக்க வேண்டும். ஷெட்டில் ஏற்றி வைத்தால் பலகை காய்ந்து சுருங்கி இடுக்கு விட்டுவிடும். வாரக் கடைசியில் மட்டும் குளத்துக்குக் கொண்டுபோகிற நமக்கு அது ஒத்துவராது.

நமக்கான வழி, ப்ளைவுட்டைத் தைத்து ஒட்டுவது. படகின் அடிப்பலகை, பக்கப்பலகைகள், முன் பின் தடுப்புகள் எல்லாவற்றையும் வரைபடத்தில் உள்ள அளவுப்படி தட்டையான ஷீட்டில் வரைந்து வெட்டிக்கொள்கிறோம். ஓரங்களில் துளையிட்டு, செப்புக் கம்பியால் ஒன்றோடொன்று சேர்த்து முறுக்கினால், தட்டையாகக் கிடந்த பலகைகள் தாமாக வளைந்து படகு வடிவத்துக்கு வந்துவிடும். வளைவு முழுக்க வெட்டின ஓரத்திலேயே இருக்கிறது. பிறகு உள்மூட்டுகளில் எபாக்சிப் பசை (ரெசின், ஹார்ட்னர் என்ற இரண்டு திரவங்களைக் கலந்தால் கெட்டியாகிற பசை) பூசி, மேலே கண்ணாடி இழை நாடா ஒட்டிவிட்டால் முடிந்தது. அச்சு வேண்டாம், வங்கு வேண்டாம்.

இந்த முறையை ஊரறியச் செய்தது இங்கிலாந்தின் மிரர் படகு. வீட்டில் தானே செய்துகொள்ளும் வேலைகளைத் தொலைக்காட்சியில் சொல்லித்தந்த பேரி பக்னெல் என்பவரும், படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட்டும் சேர்ந்து உருவாக்கியது. டெய்லி மிரர் பத்திரிகையின் ஆதரவில் 1963-இல் விற்பனைக்கு வந்தது. பதினோரு அடிக்குச் சற்றுக் குறைவான நீளம், சிவப்புப் பாய். பெட்டியில் வந்த பலகைகளை வைத்துச் சாதாரணக் குடும்பங்கள் கட்டின. இதுவரை 70,000-க்கும் மேல் கட்டப்பட்டிருக்கின்றன. கட்டினவர்களில் பெரும்பாலோர் தச்சர்கள் இல்லை.

நம்ம ஊருக்கும் இது புதிதில்லை. கட்டுமரத்துக்கும் வள்ளத்துக்கும் பெரிய மரம் கிடைப்பது அரிதாகி விலை ஏறிய 1980-களில், குமரி மாவட்டம் முட்டத்தில் இதே முறையில் மீன்பிடிப் படகுகள் கட்டத் தொடங்கினார்கள். அலை உடைகிற கரையில் இறக்கி ஏற்ற வேண்டிய படகுகள் அவை. அப்புறம் அது தென்கேரளக் கடற்கரை வரை பரவியது. யாராவது "ப்ளைவுட்டில் படகா?" என்று சிரித்தால் இதைச் சொல்லுங்கள்.

சரி, எந்தப் படகு? எட்டு முதல் பத்து அடிக்குள், தட்டையான அடி, துடுப்போ தண்டோ போடுகிற படகு. வரைபடத்தைக் காசு கொடுத்தே வாங்குங்கள், நீங்களாக வரையாதீர்கள். பதினெட்டடி, இருபதடி என்று ஆரம்பிக்கிறவர்கள் பாதியில் விடுவதற்குத் திறமைக் குறைவு காரணமில்லை. நீளம் இரண்டு மடங்கானால் அகலமும் ஆழமும் கூடவே வளர்கின்றன, மரமும் பசையும் உப்புத்தாள் வேலையும் நாலைந்து மடங்காகின்றன. எட்டடிக்குள் இன்னொரு வசதியும் உண்டு. கடையில் கிடைப்பது எட்டுக்கு நாலு ஷீட். பலகையை நீளவாக்கில் இணைக்கிற தலைவலி இல்லை.

எட்டடிப் படகு தாங்குமா என்பதை ஒரு தாளிலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அடிப்பலகை 2 மீட்டர் நீளம், 90 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 சென்டிமீட்டர் அமிழ்ந்தால் 180 லிட்டர் தண்ணீரை விலக்கும், அதாவது 180 கிலோவைத் தாங்கும். படகு 35 கிலோ, ஆள் இரண்டு பேர் 140 கிலோ. அடி வளைந்திருப்பதால் உண்மையில் இன்னும் சில சென்டிமீட்டர் கூடுதலாக அமிழும், அவ்வளவுதான். பக்கப்பலகை 40 சென்டிமீட்டர் உயரம் என்றால் நிறையவே மிச்சம் இருக்கிறது.

ப்ளைவுட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள மரைன் ப்ளை (தண்ணீர் தாங்கும் ப்ளைவுட்), 6 மில்லிமீட்டர். அந்தத் தரத்தில் ஒட்டுப்பசையைச் சோதிக்க 72 மணி நேரம் கொதிநீரில் போடுகிறார்கள். முத்திரையை மட்டும் நம்பவும் வேண்டாம், சும்மா அச்சடித்து ஒட்டினதும் சந்தையில் உண்டு. கடைக்காரரிடம் ஒரு துண்டு கேட்டு வாங்கி, நாள் முழுக்கக் கொதிக்க வையுங்கள். அடுக்கு பிரிந்தால் அந்தக் கடை வேண்டாம். வெட்டின ஓரத்தையும் பாருங்கள். நடு அடுக்கில் பொந்து தெரிந்தால் வளைக்கும்போது அங்கேதான் முறியும். ஒரு ஷீட் சுமார் 12 கிலோ வரும், இரண்டு மூன்று ஷீட் போதும்.

வெட்டுவதும் தைப்பதும் சுலபம், சந்தோஷமான வேலையும்கூட. ஜிக்சா, டிரில், குறடு, ஒரு சின்ன இழைப்புளி, இவ்வளவுதான் ஆயுதம். இடப்பக்கம் வலப்பக்கம் இரண்டு பலகையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஓரத்தைச் சேர்த்து இழையுங்கள், அப்போதுதான் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். துளைகளுக்கு ஒரு சாண் இடைவெளிக்குக் கொஞ்சம் குறைவாகவே இருக்கட்டும். ஒரு நாளில் படகு எழுந்து நிற்கும். தெருவில் போகிற அண்ணாச்சிமார் எல்லாம் நின்று பார்ப்பது அன்றைக்குத்தான்.

அன்றைக்கே பசை கலக்கக் கூடாது. கம்பியில் தொங்குகிற படகு இன்னும் தொளதொளவென்று இருக்கும். நீங்கள் நிறுத்தின கோலத்திலேயே அது கெட்டிப்படப் போகிறது. முன்முனையிலும் பின்முனையிலும் குறுக்காக நேரான ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) ஒன்றொன்று வைத்து, பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். இரண்டும் ஒரே கோட்டில் படியாவிட்டால் படகு முறுகியிருக்கிறது. மூலைக்கு மூலை நூல் பிடித்து அளந்து, இரண்டு அளவும் சமமா என்று பாருங்கள். ஒரு பக்கம் செங்கல் ஏற்றியோ கம்பியைத் தளர்த்தியோ சரிசெய்யலாம். பசை காய்ந்த பிறகு சரிசெய்ய வழியே இல்லை. முறுகின படகு ஆயுசுக்கும் ஒரு பக்கமாகவே போகும்.

எபாக்சியைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். வரைபடங்களும் குறிப்புகளும் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதினவை. நம் வெயிலில் அது வேறு மாதிரி நடந்துகொள்ளும். ரெசினையும் ஹார்ட்னரையும் கலந்ததும் அதுவே சூட்டைக் கிளப்பும். ஆழமான டப்பாவில் விட்டுவைத்தால் சூடு வெளியேற வழியில்லாமல் புகைந்து கட்டியாகிவிடும். கொஞ்சமாகக் கலந்து, அகலமான தட்டில் ஊற்றி வையுங்கள். மெதுவாக இறுகும் ஹார்ட்னர் என்று கேட்டு வாங்குங்கள்.

இங்கே ஃபைபர் பட்டறைகளில் பழகினவர்கள் யோசனை சொல்ல வருவார்கள். எனக்கும் ஒரு அண்ணாச்சி, "ஹார்ட்னர் ரெண்டு சொட்டு கூட விடுங்க தம்பி, சட்டுனு பிடிச்சிக்கிடும்" என்றார். அவர் பழகினது பாலியஸ்டர் ரெசினில். அதில் ஹார்ட்னரைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றலாம். எபாக்சியில் இரண்டும் சேர்ந்துதான் கெட்டியாகின்றன; டப்பாவில் போட்டிருக்கும் விகிதம் தவறினால் பிசுபிசுப்பு போகவே போகாது. சமையலறைத் தராசு ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள். விகிதம் எடைக்கா கொள்ளளவுக்கா என்பதையும் படித்துப் பாருங்கள்.

மரத்தில் முதல் பூச்சு போடுவதைச் சாயங்காலத்துக்குத் தள்ளுங்கள். காலையில் பூசினால், வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து பூச்சு முழுக்கக் குமிழ் கிளம்பும். மாலையில் சூடு இறங்கும்போது மரம் பசையை உள்ளே இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் காய்ந்த பூச்சின்மேல் மெழுகுபோல் ஒரு வழவழப்பு வரும். அதைத் தண்ணீரும் நாரும் போட்டுக் கழுவிவிட்டுத்தான் உப்புத்தாள் போட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த பூச்சு ஒட்டாது. கையுறை இல்லாமல் தொடவே வேண்டாம். சிலருக்கு ஒருமுறை ஒவ்வாமை வந்தால் பிறகு வாழ்நாள் முழுக்க எபாக்சி பக்கமே போக முடியாது. தின்னர் போட்டுக் கை கழுவுவது இன்னும் மோசம், அது பசையைத் தோலுக்குள் ஏற்றிவிடும்.

உள்மூட்டில் வைக்கிற பசையில் சலித்த மரத்தூள் கலந்து, கரண்டியில் எடுத்தால் விழாத பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதன்மேல் இழை நாடா. அது காய்ந்ததும் வெளியே நீட்டியிருக்கும் கம்பியை வெட்டி, ஓரங்களை உருட்டி இழைத்து, வெளியிலும் நாடா ஒட்டுங்கள். அப்புறம் உப்புத்தாள், உப்புத்தாள், மறுபடியும் உப்புத்தாள். மொத்த வேலையில் பாதி இதுதான். முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். வார்னிஷ் ஆசை இருந்தால் உள்ளே இருக்கைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற இடமெல்லாம் பெயின்ட் அடியுங்கள். எபாக்சிக்கு வெயில் ஆகாது.

செலவு பற்றிக் கேட்டால், மரத்துக்கு ஆகிற காசு எபாக்சிக்கும் இழைக்கும் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைக்கு மோட்டார் வேண்டாம். எட்டடிப் படகின் பின்பக்கம் அவ்வளவு எடையைத் தாங்குகிற மாதிரி வடிவமைக்கப்பட்டிருக்காது. தவிர, 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி இயந்திரம் பொருத்தின கலத்துக்கு ஆய்வு, பதிவு எல்லாம் உண்டு. அணை, ஏரி என்றால் வெறும் தண்டுப் படகுக்கும் அனுமதி கேட்டுவிட்டே இறக்குங்கள்.

கடலுக்கு இந்தப் படகைக் கொண்டுபோகாதீர்கள், காற்றில்லாத காயலும் குளமும் போதும். முன்னும் பின்னும் இருக்கைக்கு அடியில் காற்றுப்பெட்டி அடைத்துக் கட்டியிருப்பீர்கள், வரைபடத்தில் இருக்கும். முதல் நாள் இடுப்பளவுத் தண்ணீரில் இறக்கி, வாளியால் படகை வேண்டுமென்றே நிரப்புங்கள். நிரம்பின படகு மிதந்து, நீங்கள் பிடித்துக்கொண்டு நிற்கிற பாரத்தையும் தாங்கினால் சரி. பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியிருந்தால் மூட்டு எங்கோ ஒழுகுகிறது. காய வைத்து, அந்த இடத்தைத் தேடி அடைத்த பிறகு மறுபடி நிரப்பிப் பாருங்கள். அதுவரை யாரையும் ஏற்ற வேண்டாம், அதன் பிறகும் மிதவைச் சட்டை இல்லாமல் ஏற்ற வேண்டாம்.