சிஓபிடி உள்ளவருக்கு மறதி வந்தால் வயதுதான் காரணமா?

"அப்பாவுக்குப் பல வருடமாக சிஓபிடி. இப்போது சொன்னதையே மறக்கிறார், சில்லறைக் கணக்கில் தடுமாறுகிறார். நுரையீரலுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு. சிஓபிடி என்பது காற்றுப்பாதைகள் நாள்பட்டுச் சுருங்கி மூச்சுவிடச் சிரமப்படுத்தும் நுரையீரல் நோய். மூளையின் எடை உடலில் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 சதவீதம் அதற்குத்தான் போகிறது. வரத்து குறைந்தால் கவனமும் யோசிக்கும் வேகமும் அடிவாங்கும். கூடவே நாள்பட்ட அழற்சி, புகையால் கெட்ட ரத்தக்குழாய்கள், தூக்கக் கெடுதி, மனச்சோர்வு எல்லாம் சேர்ந்துகொள்ளும். எல்லோருக்கும் வருவதில்லை.

இந்தத் தடுமாற்றம் இன்ஹேலர் எடுப்பதிலும் தெரியலாம். அழுத்தும் வகை இன்ஹேலர் என்றால் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, மெதுவாக இழுக்கும்போதே அழுத்தி, 10 விநாடி அடக்க வேண்டும். வரிசை தப்பினால் மருந்து தொண்டையோடு நின்றுவிடும். உடனே "மருந்து கேட்கவில்லை" என்று வேறு மாற்றுவார்கள்! ஒருமுறை எதிரில் உட்கார்ந்து, அவர் எடுப்பதைப் பாருங்கள். சரியாக வரவில்லையென்றால் ஸ்பேசர் (இன்ஹேலரில் பொருத்தி மருந்தை நிதானமாக இழுக்க உதவும் குழாய்) கேளுங்கள்.

ஓய்விலேயே ஆக்சிஜன் மிகக் குறைவாக இருப்பவர்களுக்கு தினமும் 15 மணி நேரத்துக்குக் குறையாத ஆக்சிஜன் சிகிச்சை உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 1980இல் முடிவு வெளியான ஆய்வில், இரவில் மட்டும் எடுத்தவர்களைவிட நாள் முழுக்க எடுத்தவர்களிடம் இறப்பு குறைந்தது. சிந்தனைத் திறனும் ஓரளவு மேம்பட்டது.

அப்புறம் ஒன்று: திடீர்க் குழப்பம், காலைத் தலைவலி, அளவுக்கு மீறிய தூக்கம் என்றால் அது மறதி அல்ல, கார்பன் டை ஆக்சைடு தேங்குவதாக இருக்கலாம். நீங்களாக ஆக்சிஜனைக் கூட்டாமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.