ஆறு மாத விடுப்பு முடிந்து வேலைக்குப் போகிறேன். தாய்ப்பாலை நிறுத்தித்தான் ஆக வேண்டுமா?

நிறுத்த வேண்டாம். வேலையில் சேர இன்னும் இரண்டு, மூன்று வாரம் இருக்கும் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். (பவுடர் பால் கொடுப்பவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவரவர் சூழல் அவரவருக்கு.)

இன்றே பால் எடுத்துப் பழகுங்கள். பால் நிறையச் சுரக்கும் காலை நேரமே நல்லது. கையால் எடுப்பதானால், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கருவட்டத்தின் ஓரத்தில் எதிரெதிரே வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, பிறகு இரண்டையும் சேர்த்து அமுக்கி விடுங்கள். தோலைத் தேய்த்து இழுத்தால் புண்ணாகும். பம்ப் என்றால் புனல் அளவு முக்கியம். காம்பு புனலின் உட்சுவரில் உரசினால் அது உங்கள் அளவு இல்லை. முதல் சில நாள் 30 மி.லி. தான் வரும், பயப்படாதீர்கள்.

பத்து மணி நேரம் வெளியே இருந்தால் 300 முதல் 400 மி.லி. வரை தேவைப்படலாம். 60 மி.லி. அளவாகப் பிரித்து, தேதி எழுதி வையுங்கள். ஃப்ரிட்ஜில் 4 நாள், ஃப்ரீசரில் 6 மாதம் தாங்கும். கதவுத் தட்டில் வைக்காதீர்கள், திறக்கும்போதெல்லாம் சூடு ஏறும். வெளியே 4 மணி நேரம் என்பது 25 டிகிரிக்குள் இருந்தால்தான்; நம் ஊர் வெயிலில் அந்தக் கணக்கை நம்ப வேண்டாம். அலுவலகத்திலிருந்து ஐஸ் பேக் வைத்த பையில் கொண்டு வாருங்கள்.

வேலையிடத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். தள்ளிப்போட்டால் பால் கட்டி, காய்ச்சல் வரலாம், சுரப்பும் குறையும். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளை சட்டப்படி உண்டு. அந்த நேரத்தைப் பால் எடுக்கக் கேட்டு வாங்குங்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் வேண்டும் என்று மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-இல் திருத்தம் கொண்டுவந்தார்கள். அது ஏட்டில் இருக்கிறது. 2015-இல் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறந்தார்கள். அப்படி ஓர் அறை பூட்டிக் கிடக்க, வெளியே ஒரு தாய் முந்தானைக்குள் குழந்தையை மறைத்துக்கொண்டு தவிப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

வீட்டில் பார்த்துக்கொள்ளும் பாட்டியிடம் ஒன்றை முன்பே சொல்லுங்கள்: பசும்பால் மாதிரி இதைக் காய்ச்சக் கூடாது. பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி, பால் பாட்டிலை அதில் நிறுத்தினால் போதும். மேலே திரண்ட கொழுப்பைக் கெட்டுப்போனதாக நினைத்துக் கொட்டிவிடுவார்கள். மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். பாலாடையில் (பால் புகட்டும் சங்கில்) கொடுத்து மிஞ்சியதை 2 மணி நேரத்துக்குள் கொடுக்காவிட்டால் கொட்டிவிட வேண்டும்.