மஞ்சள் சுவரும் மஞ்சளான முகமும்

கேள்வி: புதுச்சேரி ஒயிட் டவுனில் மஞ்சள் சுவரை ஒட்டி நிற்கவைத்துத் தங்கையைப் படமெடுத்தேன். முகத்தில் ஒரு பக்கம் மஞ்சள் அப்பியதுபோல் இருக்கிறது. ‘ஆட்டோ’ திருத்தம் கொடுத்தால் சுவர் வெளிறுகிறது, வெள்ளைச் சட்டை நீலம் பாய்ந்துவிடுகிறது. எப்படிச் சரிசெய்வது?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். ஆட்டோ திருத்தம் அதற்கு நேர்மாறான ஆசாமி. ஒரு படத்தின் நிறங்களையெல்லாம் சராசரி பார்த்தால் சாம்பல் வர வேண்டும் என்பது அதன் பழைய கணக்கு. டூமாஸ் வீதிச் சுவர் ஒன்று படத்தில் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டால், வெளிச்சமே மஞ்சள் என்று முடிவுகட்டி எங்கும் நீலத்தைக் கூட்டிவிடும். சுவர் மஞ்சளாக இருப்பது பிழையா என்ன?

உங்கள் படத்தில் இருப்பது இரண்டு வெளிச்சங்கள்: வானத்திலிருந்து வருவது ஒன்று, சுவரில் பட்டுத் தெறிப்பது இன்னொன்று. ஒரே இழுப்பில் இரண்டும் சரியாகாது.

முதலில் மூலப் படத்துக்குத் திரும்புங்கள். கணினியில் கிம்ப் என்ற இலவச மென்பொருள் போதும். அதன் ‘லெவல்ஸ்’ பகுதியில், சாம்பல் புள்ளியைத் தேர்ந்தெடுக்கும் ஐட்ராப்பரை (சொட்டுக்குழாய் வடிவக் கருவி) எடுத்து, சுவரிலிருந்து விலகிய சிமெண்ட் நடைபாதையில் சொடுக்குங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் எவ்வளவு என்பதை 0 முதல் 255 வரையிலான மூன்று எண்கள் சொல்லும்; அங்கே அவை ஏறத்தாழச் சமமாக வேண்டும். 168, 172, 190 என்று இருந்தால் நீலம் மிகுந்திருக்கிறது என்று பொருள்.

வெள்ளைச் சட்டையைத் தொடாதீர்கள். நம் வீட்டு வெள்ளை சொட்டு நீலத்தில் அலசி எடுத்தது. அதைச் சாம்பல் என்று காட்டினால், மென்பொருள் அந்த நீலத்தையும் கழித்துப் படத்தை மேலும் மஞ்சளாக்கிவிடும். ஒரு வேட்டியை நம்பி, கல்யாண ஆல்பம் முழுவதையும் நானே மஞ்சள் குளிக்க வைத்திருக்கிறேன். பளீரென்று வெளுத்து மூன்று எண்களும் 255 ஆகிவிட்ட இடமும் உதவாது. அங்கே அளக்க ஒன்றும் மிச்சமிருக்காது.

அடுத்து முகம். மஞ்சள் படிந்த கன்னத்தை மட்டும் சுற்றி வளைத்துத் தேர்ந்தெடுத்து, தேர்வின் ஓரத்தை நன்றாக மங்கச் செய்யுங்கள். ‘கலர் பேலன்ஸ்’ பகுதியில் மஞ்சள்–நீலம் கோட்டை நீலத்தின் பக்கம் சிறிது சிறிதாக நகர்த்துங்கள். பச்சை தட்டினால் மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு) பக்கம் கொஞ்சம். மறு கன்னம்தான் அளவுகோல். கருப்போ சிவப்போ, தோலில் பொதுவாகச் சிவப்பு எண் முந்தும், பச்சை அடுத்து, நீலம் கடைசி. நீலம் பச்சையை எட்டிப் பிடித்தால் கை மீறிவிட்டது. மஞ்சளை முழுக்கத் துடைக்கவும் வேண்டாம். அந்தச் சுவரருகே மஞ்சளே படாத முகம் வெட்டி ஒட்டியதுபோல் தெரியும்.

இரவில் உட்கார்ந்து திருத்துவதானால், திரையை மஞ்சளாக்கும் இரவு வசதியை முதலில் அணைத்துவிடுங்கள். அடுத்த முறை தங்கையைச் சுவரிலிருந்து நாலடி முன்னால் நிறுத்துங்கள்; இந்த வேலையில் பாதி மிச்சம்.