காசிக்கு எப்போது நாள் குறிக்கலாம்?

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்களுக்குச் சின்னதாக ஒரு காபித் தோட்டம். கார்த்திகை பிறந்தால் தை முடியும்வரை பழம் பறிப்பு. மாமியாருக்கு 72 வயது, முழங்கால் வலி, காசி பார்க்க ஆசைப்படுகிறார். பறிப்புக்கு ஆள் விட்டுவிட்டு டிசம்பர் கடைசியில் கூட்டிப் போகலாமா? குளிர் எங்களுக்குப் பழக்கம்தான்.
- வாசகி, ஏற்காடு

பதில்: குளிரைப் பற்றி எனக்கும் கவலை இல்லை அம்மா. ஜனவரி ராத்திரியில் 8, 9 டிகிரிக்கு இறங்கும், உங்கள் ஏற்காட்டு ஸ்வெட்டரே போதும். பனிமூட்டம்தான் வில்லன். உங்கள் ஊரில் மேகம் ரோட்டில் வந்து உட்காரும், கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்விடும். கங்கைச் சமவெளியில் படிகிற மூட்டம் மத்தியானம்வரை அசையாது, சில நாள் பொழுதுக்கும் அப்படியே கிடக்கும். ரயில் டிரைவருக்கு சிக்னல் கம்பமே தெரியாது. சிக்னல் வரப்போகிறது என்று எச்சரிக்கத் தண்டவாளத்தில் டெட்டனேட்டர் கட்டி வைப்பார்கள். சக்கரம் ஏறியதும் டப்பென்று வெடிக்கும். இப்போது இன்ஜினில் ஜி.பி.எஸ். கருவியும் வைத்திருக்கிறார்கள். அப்படியும் வண்டிகள் மணிக்கணக்கில் தாமதம், சிலவற்றை அந்த சீசன் முழுக்க ரத்தே செய்துவிடுவார்கள். நான் சேலம் ஜங்ஷனில் வேலை பார்த்த காலத்தில், ஜனவரி மாதம் வடக்கு வண்டிக்குக் காத்திருப்பவர்கள் என்னவோ நான்தான் பனியைக் கொட்டியது போல சண்டைக்கு வருவார்கள். மூட்டுவலிக்கார அம்மாவை அந்தப் பிளாட்பாரத்துக் குளிரில் உட்கார வைக்க வேண்டாம்.

காசிக்கு நாள் குறிக்க நான் வெயிலையும் குளிரையும் பார்ப்பதில்லை, ஆற்றைத்தான் பார்ப்பேன். ஆடி, ஆவணியில் கங்கை ஏறும். ராஜ்காட் படித்துறையில் 70.262 மீட்டர் எச்சரிக்கை மட்டம், 71.262 அபாய மட்டம். அதை நெருங்கும் முன்பே படித்துறைகள் ஒன்றோடொன்று தொடர்பு அறுந்துபோகும், படகை நிறுத்திவிடுவார்கள். சாயங்கால ஆரத்தி மொட்டை மாடிக்குப் போய்விடும், மணிகர்ணிகையில் சிதையையே மேல்தளத்தில்தான் அடுக்குவார்கள். தண்ணீர் வடிந்த பிறகு இன்னொரு தொல்லை. படியெல்லாம் வண்டல் அப்பிக்கிடக்கும். பம்பு வைத்து ஆற்றுத் தண்ணீரையே பீய்ச்சி, படிபடியாகக் கழுவித் தள்ளுவார்கள். அந்த வழுக்கலில் வாலிபனே தடுமாறுவான்.

உங்களுக்கு மாசிதான் சரி. பழம் காய்ந்து மூட்டை ஏறியிருக்கும், காபி பூக்க மழை விழும் முன் வீடு திரும்பிவிடலாம். ஆனால் மாசியிலும் கண்ட நாளில் போகக் கூடாது. மகா சிவராத்திரிக்கு ஊர் கொள்ளாது. அடுத்து வரும் அமாவாசை கழியட்டும். அங்கிருந்து வளர்பிறை தசமிக்குள் தரிசனத்தை முடித்துக்கொள்ளுங்கள். மறுநாளை ரங்பரி ஏகாதசி என்பார்கள். அன்றைக்கு விசுவநாதர் சன்னிதியிலேயே குலால் என்னும் வண்ணப் பொடி தூவி ஹோலியைத் தொடங்கிவிடுவார்கள், பௌர்ணமி தாண்டித்தான் ஓயும். ஆக நடுவில் எட்டொன்பது நாள். அது உங்களுக்குத் தாராளம். ரயில் முன்பதிவு 60 நாள் முன்பே திறக்கிறது, அதனால் காலண்டரில் சிவராத்திரியைப் பார்த்துவிட்டு இப்போதே கணக்குப் போடுங்கள். சென்னையிலிருந்து போகும் கங்கா காவேரி தினசரி வண்டி இல்லை என்பதையும் மனதில் வையுங்கள்.

மாசியில் ஒரு குறை உண்டு. ஆறு இறங்கி எதிர்க்கரையில் மணல் தெரியும், அதனால் தண்ணீரைத் தொட இன்னும் பல படி இறங்க வேண்டும். நமோ காட் படித்துறையில் சாய்தளம் இருக்கிறது, மாமியாரை அங்கே படகேற்றி ஆற்றிலிருந்தே எல்லாத் துறைகளையும் காட்டுங்கள். கேதார் காட் படி செங்குத்து. கேதாரேசுவரரைத் தெருப்பக்கமாகப் போய்க் கும்பிடலாம். குமரகுருபரர் நிறுவிய மடமும் அங்கேதான், தமிழ் காதில் விழும்.

கேள்வி: பிள்ளைகளின் பள்ளி விடுமுறையில்தான் போக முடியும் என்றால்?
- வாசகர், அம்மாப்பேட்டை

பதில்: காலாண்டு விடுமுறையில் வண்டல், அரையாண்டில் மூட்டம், மே மாதத்தில் வெயில். காசிக்கும் நம் பள்ளிக்கூடத்துக்கும் ஏனோ பொருத்தமே இல்லை! மூன்றில் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும் என்றால் நான் மே முதல் வாரத்தைச் சொல்வேன். 40 டிகிரி தாண்டும், ‘லூ’ என்ற அனல் காற்று அடிக்கும், ஆனால் வண்டி நேரத்துக்கு வரும், படகு ஓடும். விடியற்காலை 5 மணிக்கு அஸ்ஸி காட் படித்துறையில் இருங்கள், எட்டரைக்குள் அறைக்குத் திரும்பிவிடுங்கள், மறுபடி வெயில் தாழ்ந்து கிளம்பினால் போதும். கல் படியில் வெறுங்காலோடு பிள்ளைகளை மத்தியானம் நடக்க விடாதீர்கள்.

கேள்வி: தங்க அன்னபூரணியைத் தரிசிக்க எப்போது போக வேண்டும்?
- வாசகி, ஆத்தூர்

பதில்: இதில் நமக்குத் தேர்வே கிடையாது. வருடத்தில் தீபாவளியை ஒட்டிய சில நாள் மட்டும்தான் சன்னிதி திறக்கும். தீபாவளிக்கு முந்தி வரும் தன திரயோதசியில் தொடங்கி, பிந்தி வரும் அன்னகூடம்வரை. காசும் நெல்லும் பிரசாதமாகத் தருவார்கள், வரிசை தெருத்தெருவாக வளையும். போவதென்று முடிவு செய்தால் தங்குமிடத்தை முதலில் உறுதி செய்யுங்கள், டிக்கெட் அப்புறம். அப்படியே பதினைந்து நாள் தங்கி, பௌர்ணமியன்று படித்துறையெங்கும் விளக்கேற்றும் தேவ தீபாவளியையும் பார்த்துவிடலாமே என்று கேட்காதீர்கள். அன்று ராத்திரி படகுக்காரர் கேட்கும் கூலியில் நீங்கள் ஆத்தூருக்கும் காசிக்கும் இன்னொரு முறை போய்வரலாம்.