மூன்று பிக்குனிகள், ஒரு காணி: உறுதியை யார் பெயரில் எழுதுவது?

மாத்தளை மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "என் பெரியம்மா பல வருடம் தசசில் மாதாவாக, அதாவது பத்து சீலம் ஏற்ற துறவியாக இருந்து, பிறகு உபசம்பதா என்ற முழுத் துறவு பெற்று பிக்குனியானவர். இன்னும் இரண்டு பிக்குனிகளோடு வாடகை வீட்டில் இருக்கிறார். அம்மாவின் 40 பேர்ச் காணியையும் பழைய வீட்டையும் கொடுத்து, அதை அவர்கள் வாழும் ஆராமையாக, அதாவது மடமாக, ஆக்க நினைக்கிறோம். பிக்குனி பெயரில் உறுதி நிற்காது, பக்கத்து விகாரை தேரர் பெயரில் எழுதி எனக்கு அற்றோணித் தத்துவம் (உங்களுக்காகக் கையெழுத்திடும் அதிகாரம்) கொடுங்கள், சீமை (சங்கம் கூடுவதற்கு முறைப்படி குறிக்கும் எல்லை) கட்டுவது வரைக்கும் நானே முடித்துத் தருகிறேன் என்று ஊரில் ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்க வேண்டாம். எந்தத் தாளிலும் கையெழுத்தும் போட வேண்டாம்.

இலங்கையில் விகாரைச் சொத்துகளை ஆளுவது 1931-ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம். அதன் 20-ஆம் பிரிவின்படி, ஒரு பிக்கு தன் சொந்தப் பாவனைக்குத் தேடிய சொத்தை உயிரோடு இருக்கும்போது கைமாற்றாவிட்டால், அது அவர் சார்ந்த விகாரையைச் சேரும். பரம்பரையாக வந்ததற்கு மட்டுமே விலக்கு. தேரர் பெயரில் எழுதினால் நடப்பது இதுதான்: அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவருக்குப் பின் காணி அவருடைய விகாரைக்குப் போகும். பிக்குனிகள் அங்கே தயவில் இருப்பவர்கள் ஆவார்கள். அடுத்து வரும் விகாராதிபதி எழும்பச் சொன்னால் காட்ட அவர்களிடம் ஒரு தாளும் இருக்காது.

பெரியம்மாவின் பெயரில் எழுதுவதும் பிழை. அந்தச் சட்டம் பேசுவது பிக்குவைப் பற்றி. பிக்குனியைப் பற்றி அல்ல. அவர் காலமானதும் இரத்த உறவினர் பங்கு கேட்க வழி திறந்துவிடும். 1931-ல் இங்கே பிக்குனிகள் இல்லை, சரி. 1996-ல் சாரநாத்திலும் 1998-ல் புத்தகயையிலும் உபசம்பதா நடந்து, அதே 1998-ல் தம்புள்ளையிலும் தொடங்கியாயிற்றே! இத்தனை வருடத்துக்குப் பிறகும் கந்தோர் கந்தோராக அலைவது அவர்கள்தான்.

செய்ய வேண்டியது நம்பிக்கைப் பொறுப்பு (trust) உறுதி. 1917-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ், அறக்கொடையாக எழுத வேண்டும். பொறுப்பாளர்கள் ஐந்து பேர் போதும். அவர்களில் குறைந்தது இருவர் பிக்குனிகளாக இருக்கட்டும். இடைத்தரகர் அதில் ஒருவராக நுழையவே கூடாது. பயனாளியாக எந்த ஆளின் பெயரும் வேண்டாம். "நான்கு திசைகளிலிருந்தும் வந்த, இனி வரப்போகும் பிக்குனிச் சங்கம்" என்று எழுதச் சொல்லுங்கள். பொறுப்பாளர் இறந்தால் அல்லது விலகினால் அடுத்தவரை யார் நியமிப்பது, எல்லோரும் சம்மதித்தாலும் காணியை விற்கவோ அடகு வைக்கவோ முடியாது என்பவை தனித்தனிப் பந்திகளாக இருக்க வேண்டும். நொத்தாரிசு முன் இரண்டு சாட்சிகளுடன் கையெழுத்திட்டு, காணிப் பதிவகத்தில் பதிந்த பிறகே சாவியைக் கொடுங்கள்.

அதற்கு முன்பு உங்கள் உறுதியைப் பாருங்கள். அம்மாவின் காணி அரசாங்க அனுமதிப்பத்திரத்தில் அல்லது அளிப்பில் வந்ததென்றால், பிரதேச செயலாளரின் சம்மதமில்லாமல் கைமாற்ற முடியாது. தனியார் காணி என்றால் 30 வருடப் பதிவுகளைத் தேடிப் பார்ப்பது வழக்கம். இரண்டையும் நொத்தாரிசு செய்வார். இதற்குத் தரகரும் தேவையில்லை, அற்றோணித் தத்துவமும் தேவையில்லை. வாங்கிக்கொண்டு போனவர் அதை வைத்து என்ன எழுதினார் என்பது உங்களுக்குத் தெரிய வருவது வழக்கு வந்த பிறகுதான்.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் காணியைவிடப் பெரிய விஷயம்: மூன்று பேர் போதாது. விநயம் என்ற துறவு விதிகளின்படி சங்கம் என்பது நான்கு பேர். மூவர், சங்கம் கூடும் உபோசத நாளில் பாதிமோக்கம் என்ற விதித் தொகுப்பை ஓத முடியாது. ஒருவருக்கொருவர் தூய்மையை அறிவித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். துறவிகள் ஓரிடத்தில் தங்கும் மழைக்காலத்தின் முடிவில், தம் குறையைச் சுட்டிக்காட்டும்படி மற்றவர்களைக் கேட்கும் பவாரணையைச் சங்கமாகச் செய்ய ஐவர் வேண்டும்.

இதைவிட அன்றாடம் நெருக்குவது, பிக்குனி தனியே இரவைக் கழிக்கக் கூடாது என்ற விதி. விடியும் நேரத்தில் துணை பிக்குனி கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மீறினால் சங்காதிசேசம் என்ற பெருங்குற்றம், அரை மாதம் மானத்தம் என்ற பரிகாரம் இருந்து, பிறகு மீட்டெடுக்க இருபது பிக்குனிகள் கூட வேண்டும். ஒருவர் ஆஸ்பத்திரியில், துணைக்கு இன்னொருவர் என்றால் மூன்றாமவர் வீட்டில் தனியே. விலக்கு இருக்கிறது: துணை விலகிப் போய்விட்டால், துறவைவிட்டு நீங்கினால், இறந்தால், வேறு பக்கம் சேர்ந்துவிட்டால், ஆபத்து நேர்ந்தால் குற்றமில்லை. "ஆபத்து" என்ற சொல்லில்தான் எல்லோரும் தொங்குகிறார்கள். கூட இருந்தவர் நள்ளிரவில் மயங்கி விழுந்து ஆம்புலன்ஸில் போனது ஆபத்து. முன்கூட்டியே திகதி தெரிந்த கண் சத்திரசிகிச்சைக்கு நால்வரை ஒழுங்கு செய்யாமல் விட்டது ஆபத்தல்ல, கவனக்குறைவு. விலக்கை நம்பி ஆராமை தொடங்காதீர்கள். பழைய வீட்டைத் திருத்தும்போதும் இதை மனதில் வையுங்கள். தோட்டத்தில் தள்ளித் தள்ளித் தனிக்குடில் கட்டுவது பிக்குகளுக்குப் பொருந்தும். இவர்களுக்கு இருவர் படுக்கும் அறைகளே வேண்டும்.

நான்காமவரைப் புதிதாக உருவாக்க நினைக்காதீர்கள், காலம் எடுக்கும். சிக்கமானாவாக, அதாவது பயிற்சித் துறவியாக, இரண்டு வருடப் பயிற்சி, இருபது வயது நிறைவு, பிறகு பிக்குனி, பிக்கு ஆகிய இரு சங்கங்களிலும் உபசம்பதா. உபசம்பதா கொடுக்கும் பவத்தினி (குருவான பிக்குனி) தாம் உபசம்பதா பெற்ற பின் 12 மழைக்காலம் கண்டவராக இருக்க வேண்டும். அவரும் இரண்டு வருடத்துக்கு ஒருவருக்கு மேல் கொடுக்க முடியாது. வேறு ஆராமையில் உபசம்பதா பெற்று முடித்த ஒரு பிக்குனியை அழைப்பதே வழி.

சீமை இப்போது வேண்டாம். உபோசதத்துக்குக் கட்டிய சீமை கட்டாயமில்லை. கிராம எல்லையே போதும், அதற்குள் இருக்கும் எல்லாப் பிக்குனிகளும் கூடினால் சரி. சீமை கட்டுவதாக முன்பணம் கேட்பவரைத் திருப்பி அனுப்புங்கள். ஆனால் போய்வரும் தூரத்தில் பிக்குகள் வாழும் விகாரை ஒன்று இருக்க வேண்டும், மழைக்காலத்துக்கு அது தேவை.

அடையாள அட்டைக்கு மறுப்பார்கள் என்று பயந்து எதையும் தள்ளிப்போட வேண்டாம். பிக்குனி என்று குறிப்பிட்டு அட்டை தர மறுத்தது சமத்துவ உரிமையை மீறுவது என 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அட்டை கைக்கு வருமுன் உறுதி எழுதுவதானால், அதில் துறவுப் பெயரையும் பழைய அட்டையிலுள்ள பெயரையும் இலக்கத்தையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள்.