கறுப்பு ஒயர் இங்கே நியூட்ரல் அல்ல

அன்புத் தம்பிக்கு,

தமிழ்நாட்டில் 11 ஆண்டுகள் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துக்கு வந்து, எட்டு மாதங்களாகக் கிடங்கில் இரவு வேலை பார்ப்பதாக எழுதியிருந்தீர்கள். உழைக்கச் சலிக்காத உங்களுக்கு அந்த உழைப்பு எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லையே என்ற ஏக்கம் கடிதம் முழுவதும் தெரிந்தது. பழைய தொழிலுக்குத் திரும்பப் போராடுவதா, கிடங்கிலேயே இருந்துவிடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். தொழிலுக்கே திரும்புங்கள். 2009இல் இதே நிலையில் இங்கு வந்து இறங்கியவன் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன்.

வந்த புதிதில் நான் செய்த பெரிய தவறு, உடல் களைக்க உழைத்தாலே முன்னேறிக்கொண்டிருக்கிறோம் என்று நம்பியதுதான். வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்குப் பத்து மணி நேரம் எனக் கிடங்கில் இரண்டு ஆண்டுகள் நின்றேன். வீட்டு வாடகைக்கு அது உதவியது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளில் ஒரு மணி நேரம்கூட எலக்ட்ரீஷியன் உரிமத்தின் கணக்கில் ஏறவில்லை. 309ஏ எனப்படும் கட்டுமான, பராமரிப்பு எலக்ட்ரீஷியன் வேலை இந்த மாகாணத்தில் கட்டாய உரிமத் தொழில். உரிமம் பெற்றவராகவோ, பதிவு செய்த அப்ரண்டிஸாகவோ (வேலை செய்துகொண்டே தொழில் கற்பவர்) இல்லாமல் அதைச் செய்யக் கூடாது. எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் இதற்கு விலக்கில்லை.

உங்களுக்கு இரண்டு வழிகள் உள்ளன. ஊரில் பெற்ற அனுபவம் இங்குள்ள பயிற்சிக் காலத்துக்கு ஈடானது என்று ஆவணங்களால் நிறுவி, நேரடியாகத் தேர்வு எழுதுவது ஒரு வழி. 2022 முதல் ஸ்கில்ட் டிரேட்ஸ் ஒன்டாரியோ என்ற மாகாண அமைப்பு இதைக் கவனிக்கிறது. முடியாவிட்டால் அப்ரண்டிஸாகச் சேர்ந்து, 8,160 மணி நேரப் பணியும் 840 மணி நேர வகுப்பும் சேர்த்து 9,000 மணி நேரத்தை முடிக்க வேண்டும். நான் முதல் வழியில் முயன்று தோற்றேன். என் பழைய முதலாளி கொடுத்த கடிதத்தில் ‘நல்ல பணியாளர், நேர்மையானவர்’ என்ற இரண்டு வரிகள்தான் இருந்தன; என்னென்ன வேலை, எத்தனை மணி நேரம் என்ற விவரம் எதுவும் இல்லை. அதற்குள் அந்தக் கடையும் மூடப்பட்டிருந்தது.

பிறகு 34 வயதில் அப்ரண்டிஸாகச் சேர முடிவெடுத்தேன். அதற்குச் சேர்த்துக்கொள்ளும் முதலாளி ஒருவர் வேண்டும். சிறிய ஒப்பந்ததாரர்களாகப் பார்த்து நேரில் போனேன். போன இடத்தையும் கிடைத்த பதிலையும் ஒரு நோட்டில் குறித்துவந்தேன். 37 பேர் கைவிரித்தார்கள். ‘குளிர்காலம் முடியட்டும், பார்க்கலாம்’ என்று தட்டிக்கழித்த ஒருவரிடம் ஏப்ரலில் திரும்பப் போனேன், மே மாதத்தில் மறுபடியும் போனேன். இரண்டாம் முறை போனபோது அவரிடம் ஓர் ஆள் குறைந்திருந்தது. அந்த நோட்டு இல்லாவிட்டால் அவரை மறந்திருப்பேன்.

வேலையில் சேர்ந்த பிறகுதான் உண்மையான கடினம் தொடங்கியது. ஏணி தூக்குவதும், மரச்சட்டங்களில் துளையிடுவதும், இருபது வயதுப் பையன்களிடம் வேலை கேட்டு நிற்பதும் மனத்தை உறுத்தின. அதைவிடக் கடினம் கை பழகியதை மறக்க வைப்பது. நம் ஊரில் கறுப்பு ஒயர் நியூட்ரல். இங்கே கறுப்புதான் லைவ், அதாவது தொட்டால் ஷாக் அடிக்கும் ஒயர்; வெள்ளை நியூட்ரல். இரண்டாவது வாரம் ஒரு சுவிட்ச் பெட்டியைத் திறந்தபோது என் விரல்கள் யோசிக்காமல் கறுப்பை நோக்கிப் போயின. பின்னால் நின்ற மூத்த எலக்ட்ரீஷியன் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, டெஸ்டரைக் கையில் வைத்தார். கறுப்பில் வைத்ததும் அதன் விளக்கு எரிந்தது. அன்று முதல் டெஸ்டர் வைக்காமல் எந்த ஒயரையும் தொட்டதில்லை. 230 வோல்ட்டில் வளர்ந்த எனக்கு 120/240 வோல்ட்டும், சதுர மில்லிமீட்டர் அளவுக்குப் பதிலாக ஏடபிள்யூஜி என்ற அமெரிக்க ஒயர் தடிமன் எண்களும், 15 ஆம்பியர் சர்க்யூட்டுக்கு 14ஆம் எண் ஒயர், 20 ஆம்பியருக்கு 12ஆம் எண் என்ற கணக்கும் பழக ஓராண்டு ஆனது. அனுபவம் உள்ளவனுக்குத்தான் இது கூடுதல் சிரமம் என்பதைத் தயவுசெய்து மனத்தில் வையுங்கள்; புதியவன் கற்றால் போதும், நாம் முதலில் மறக்க வேண்டும்.

பயிற்சி முடிந்து எழுதும் உரிமத் தேர்வில் தேற 70 விழுக்காடு வேண்டும். முதல் முறை எனக்கு 66 வந்தது. மின் பணிகளுக்கான விதிநூலைத் தேர்வறையிலேயே தருகிறார்கள் என்பதால் அலட்சியமாக இருந்துவிட்டேன். எந்த விதி எந்தப் பிரிவில் இருக்கிறது என்று தெரியாதவனுக்கு அந்த நூல் கையில் இருந்தும் பயனில்லை. அடுத்த நான்கு மாதங்கள், தினமும் அதிகாலை ஒரு மணி நேரம், பத்துக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டு, விடையோடு விதி எண்ணையும் எழுதினேன். அப்போதுதான் என் பிழைகள் கண்ணில் பட்டன. வீட்டு மின்சுமைக் கணக்கில் முதல் 90 சதுர மீட்டருக்கு 5,000 வாட், அதற்கு மேல் ஒவ்வொரு 90 சதுர மீட்டருக்கும் அல்லது அதன் பகுதிக்கும் 1,000 வாட் என்பது விதி. 200 சதுர மீட்டர் வீட்டுக்கு எஞ்சிய 110ஐ விகிதப்படி வகுத்துக்கொண்டிருந்தேன். பகுதியையும் முழுதாக எண்ணி 2,000 சேர்க்க வேண்டும். ‘அல்லது அதன் பகுதி’ என்ற சொற்களை அதுவரை நான் சரியாகப் படிக்கவே இல்லை. இரண்டாம் முறை தேறினேன். அதன்பின் மூன்றாண்டுப் பணி அனுபவத்தோடு மாஸ்டர் எலக்ட்ரீஷியன் தேர்வும் எழுதி, இப்போது சொந்தமாக ஒப்பந்த வேலைகள் எடுக்கிறேன்.

உங்கள் நிலை என்னைவிட நல்லது. நீங்கள் வேலை பார்த்த நிறுவனம் இன்னும் இயங்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். கிடங்கு வேலையை உடனே விட்டுவிட வேண்டாம். ஆனால் இந்த வாரமே பழைய முதலாளிக்கு எழுதுங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, மொத்தம் எத்தனை மணி நேரம், வீடு, தொழிற்சாலை, மோட்டார் இணைப்பு, பேனல் என்று எந்தெந்த வேலை என்பதெல்லாம் நிறுவனத்தின் கடிதத்தாளில் கையொப்பத்தோடு வர வேண்டும். அவருக்கு எழுத நேரம் இருக்காது. வரைவை நீங்களே தயாரித்து அனுப்புங்கள். அதற்கு முன் எனக்கு ஒரு பிரதி அனுப்பினால், விடுபட்டவற்றைக் குறித்துத் தருகிறேன்.