நெகட்டிவைக் காட்டுங்கள், பிறகு பேசலாம்: பழைய கேமரா கேள்வி பதில்

பழைய பிலிம் கேமராக்களில் எடுத்த படங்களையும், அவற்றைப் பற்றிய ஐயங்களையும் அனுப்புமாறு நண்பர்களைக் கேட்டிருந்தேன். வந்தவற்றில் பெரும்பாலானவை ஸ்கேன் செய்த படங்கள். நெகட்டிவை வெள்ளைத் திரையின் மீது வைத்துக் கைபேசியில் எடுத்து அனுப்பியவர்கள் நால்வர் மட்டுமே. அந்த நால்வருக்குத்தான் என்னால் தயக்கமின்றி விடை சொல்ல முடிந்தது. மற்றவர்களுக்கு எழுதியவற்றில் சிறிது ஊகமும் கலந்திருக்கிறது.

கேள்வி (மதுரை): அப்பாவின் டிரங்குப் பெட்டியில் அக்ஃபா கிளிக் 3 கேமரா கிடைத்தது. ரோல் போட்டு, மாரியம்மன் தெப்பக்குளத்தின் படிக்கட்டில் அம்மாவை நிற்க வைத்து எடுத்த படத்தை அனுப்பியிருக்கிறேன். முகம் தெளிவாக இல்லை. கேமரா பழுதாகிவிட்டதா, ஐயா?

பதில்: பழுதாகவில்லை. இந்தியாவிலேயே தயாரான அந்தக் கேமராதான் நம் ஊர்களில் எத்தனையோ குடும்பங்களுக்கு முதல் கேமரா. '120' எனப்படும் அகலமான பிலிம் சுருளில் சதுரமான 12 படங்கள் எடுக்கும். அதன் எளிய லென்ஸ் நடுவில் ஓரளவு தெளிவாகவும் ஓரங்களில் கரைந்தும்தான் வரையும். அது அதன் சுபாவம். ஆனால் உங்கள் படத்தில் நடுவில் நிற்கும் அம்மாவின் முகமே மங்கியிருப்பதால், காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும். படிகளின் விளிம்புகளைப் பாருங்கள். குறுக்காக ஓடும் கோடுகள் இரட்டித்துத் தெரிகின்றன. நிமிர்ந்து நிற்கும் விளக்குக் கம்பமோ கூர்மையாக இருக்கிறது. தூரம் தவறியிருந்தால் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவில் மங்கியிருக்கும். ஒரு திசையில் மட்டும் இழுபட்டிருப்பதால், ஷட்டரை அழுத்தும்போது கேமரா மேலிருந்து கீழாக அசைந்திருக்கிறது என்று பொருள். ஏறத்தாழ 1/30 நொடியே உள்ள ஷட்டருக்கு விரல் அழுத்தும் வேகமே போதும், படம் ஆடிவிடும். அடுத்த முறை கேமராவை ஏதேனும் ஒரு தூணில் அணைத்துப் பிடித்து, மூச்சை விட்டு முடித்த கணத்தில், தட்டாமல் மெதுவாக அழுத்துங்கள். பின்புறத்தில் எண் தெரியும் சிவப்புச் சன்னலை வெயிலில் விரலால் மூடிக்கொள்வதும் நல்லது. இன்றைய பிலிம்கள் சிவப்பு ஒளிக்கும் கூசுபவை.

கேள்வி (திருச்சி): யாஷிகா கேமராவில் எடுத்த 36 படங்களில் பாதிக்கு மேல் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு கீற்று விழுந்திருக்கிறது. நெகட்டிவையும் சேர்த்தே அனுப்பியுள்ளேன்.

பதில்: நெகட்டிவை அனுப்பியதற்கு நன்றி, விடை அதிலேயே இருக்கிறது. அந்தக் கீற்று படச் சட்டத்துக்குள் நின்றுவிடாமல், பல் துளைகள் உள்ள ஓரம் வரை நீண்டிருக்கிறது. லென்ஸ் வழியாக வரும் ஒளி அந்த ஓரத்தைத் தொடவே முடியாது. எனவே ஒளி பின்கதவின் இடுக்கிலிருந்து கசிந்திருக்கிறது. கதவைச் சுற்றியுள்ள பள்ளத்தில் ஒட்டியிருக்கும் கறுப்பு ஸ்பாஞ்சு நாளடைவில் தார் போல உருகிவிடும். ஸ்பிரிட்டில் (ஆல்கஹாலில்) தோய்த்த பஞ்சால் அதைச் சுரண்டியெடுத்துவிட்டு, கறுப்புக் கம்பளி நூலையோ மெல்லிய ஃபோம் பட்டையையோ ஒட்டினால் போதும். உருகிய துணுக்கு ஒன்றுகூட ஷட்டர் பக்கம் போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். மாறாக, கீற்று படச் சட்டத்துக்குள் மட்டும் விழுந்திருந்தால், ஷட்டர் துணியில் ஓட்டையைத் தேட வேண்டியிருந்திருக்கும். ஸ்கேன் செய்பவர்கள் ஓரத்தை வெட்டிவிடுவதால், வெறும் ஸ்கேனைக் கொண்டு இந்த இரண்டையும் பிரித்தறிய இயலாது.

கேள்வி (வேலூர்): வீட்டிலேயே கறுப்பு வெள்ளை பிலிம் கழுவத் தொடங்கியிருக்கிறேன். டி-76 டெவலப்பரை (பிலிமில் உருவத்தை வெளிக்கொணரும் கரைசல்) 20 டிகிரியில் பயன்படுத்துமாறு பெட்டியில் போட்டிருக்கிறது. எங்கள் ஊரில் சித்திரை மாதத்தில் குழாயைத் திறந்தால் வெந்நீர்தான் வருகிறது. வானத்தில் திட்டுத் திட்டாக வந்த படங்களைப் பாருங்கள்.

பதில்: 20 டிகிரி செல்சியஸ் என்பது குளிர்நாட்டார் வசதிக்கு வகுத்த அளவு. நம் ஊரில் டார்க் ரூம் வைத்திருந்த ஸ்டுடியோக்காரர்கள் பலரும் கோடையில் விடியற்காலையிலேயே ரோல்களைக் கழுவி முடித்துவிட்டதற்கு, தொட்டித் தண்ணீர் அந்த நேரத்தில்தான் குளிர்ந்திருக்கும் என்பதும் ஒரு காரணம்.

வெப்பம் ஒரு டிகிரி கூடினால் நேரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும் என்பது தோராயமான கணக்கு. நீங்கள் பயன்படுத்திய எச்.பி.5 பிளஸ் பிலிமுக்குக் கலக்காத டி-76-ல் 20 டிகிரியில் 7½ நிமிடம் ஆகும். உங்கள் தண்ணீர் 28 டிகிரி என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த வெப்பத்தில் அது மூன்று, மூன்றரை நிமிடமாகச் சுருங்கிவிடும். ஐந்து நிமிடத்துக்குக் குறைந்தால், டெவலப்பரை ஊற்றி வடிக்கும் நேரமே மொத்த நேரத்தில் ஒரு பெரும் பகுதியாகிவிடுவதால், பிலிமின் ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் வெந்துவிடும். வானம் போன்ற வெறுமையான பரப்பில்தான் அது கண்ணுக்குப் படும். உங்கள் வானத்தில் தெரியும் திட்டு அதுவே. ஆகவே டெவலப்பரைச் சம அளவு தண்ணீரில் கலந்து பயன்படுத்துங்கள். அப்போது 20 டிகிரியில் 11 நிமிடம் தேவைப்படும். 24 டிகிரிக்கு இறக்கினால் ஏறத்தாழ 7½ முதல் 8 நிமிடம் ஆகும், அது கைக்கு அடங்கிய நேரம். 24-க்கு இறக்குவதற்கு ஐஸ் கட்டியை டெவலப்பரில் போடாதீர்கள், கலவை நீர்த்துவிடும். பாட்டில்களை ஐஸ் தண்ணீர் நிரப்பிய அண்டாவில் நிறுத்துங்கள். டெவலப்பர், அதன் வேலையை நிறுத்தும் ஸ்டாப் கரைசல், படத்தை நிலைக்கச் செய்யும் ஹைப்போ, கழுவும் தண்ணீர் ஆகிய எல்லாம் ஓரிரு டிகிரி வேறுபாட்டுக்குள் இருக்க வேண்டும். குளிர்ந்த டெவலப்பரிலிருந்து எடுத்து நேரே வெந்நீர்க் குழாயில் பிடித்தால், மேற்பூச்சு சுருங்கி வெடித்த வயல் போல ஆகிவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் நெகட்டிவில் கண்ணீர்த் துளி போன்ற உலர்ந்த தடங்கள் தெரிகின்றன. அது உப்புத் தண்ணீரின் வேலை. கடைசி அலசலுக்கு மட்டும் பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரைப் பயன்படுத்துங்கள். ஹைப்போ வேலை செய்கிறதா என்று ஐயம் வந்தால், பிலிமின் முனையில் வெட்டிய துண்டு ஒன்றை வெளிச்சத்திலேயே அதில் போட்டு, அது தெளிய எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணி, அதைப் போல் இரு மடங்கு நேரம் உங்கள் ரோலுக்குக் கொடுங்கள்.

கேள்வி (சென்னை): ரோலைக் கழுவக் கொடுத்த இடத்தில் ஸ்கேன்களை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டார்கள். நெகட்டிவைத் திரும்பப் பெற வேண்டுமா?

பதில்: இன்றே போய் வாங்குங்கள். கேட்டு வாங்காதவர்களின் நெகட்டிவைச் சில மாதங்களில் குப்பையில் போட்டுவிடும் இடங்கள் உண்டு.

கேள்வி (தஞ்சாவூர்): கேனன் கியூ.எல். 17 கேமராவில் உள்ள ஒளியளக்கும் மீட்டரை நம்பி எடுத்த படங்கள் எல்லாம் சாம்பல் பூத்து, நிழல்களில் மணல் மணலாக வருகின்றன. பேட்டரி புதியது. பிலிம் சரியில்லையா?

பதில்: பிலிமைக் குறை சொல்லாதீர்கள். அந்தக் கேமரா 1.35 வோல்ட் தரும் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டது. அத்தகைய பேட்டரிகள் இன்று விற்பனையில் இல்லை. நீங்கள் போட்டிருக்கும் 1.5 வோல்ட் பேட்டரி மீட்டருக்குக் கூடுதல் விசை கொடுப்பதால், வெளிச்சம் உள்ளதைவிட அதிகமாக இருப்பதாக அது காட்டுகிறது. கேமரா அதை நம்பிக் குறைவான ஒளியையே பிலிமுக்குத் தருகிறது. ஒளி போதாத நெகட்டிவை ஸ்கேனர் வலிந்து வெளுப்பாக்கும்போது எழுவதுதான் நீங்கள் காணும் மணல். காது கேட்கும் கருவிகளுக்கான 675 எண் துத்தநாக பேட்டரி 1.4 வோல்ட் தரும். ஒரு சிறு வளையத்துடன் அதைப் போட்டுப் பாருங்கள். ஓரிரு மாதங்களில் தீர்ந்துவிடும் என்றாலும் விலை அதிகமில்லை.

கேள்வி (சிவகாசி): மீட்டரே இல்லாத ரஷ்யக் கேமரா வைத்திருக்கிறேன். நல்ல வெயிலில் லென்ஸ் துளை எஃப் 16, பிலிமின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. எண்ணுக்கு ஈடான ஷட்டர் வேகம் என்ற விதிப்படி எடுத்தேன். வேட்டி அழகாக வந்தது; தாத்தாவின் முகம் கரியாகிவிட்டது.

பதில்: விதி பொய்யில்லை, உச்சி வெயிலில் நெற்றியின் நிழல் கண்ணில் விழும் நம் ஊர் முகங்களை அது கணக்கில் எடுக்கவில்லை, அவ்வளவுதான். வேட்டியை மறந்துவிட்டு முகத்துக்கு ஒளி கொடுங்கள். 400 பிலிமில் 1/500 நொடிக்கு எஃப் 16-க்குப் பதிலாக, துளை பெரிதாகும் எஃப் 8 வையுங்கள். நெகட்டிவில் கூடுதலாக விழுந்த ஒளியை அச்சிடும்போது அடக்கிக்கொள்ளலாம். விழாத ஒளியை எந்த வித்தையாலும் வரவழைக்க முடியாது. உங்களுடையது ஜோர்க்கி என்றால், ரோலை முன்னேற்றிய பிறகே வேகத்தை மாற்றுங்கள். முன்னதாகத் திருப்பினால் உள்ளே இருக்கும் பொறி கெட்டுவிடும்.

கேள்வி (யாழ்ப்பாணம்): லென்ஸுக்குள் சிலந்தி வலை போலப் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. அரிசிப் பானைக்குள் வைத்தால் போகுமா?

பதில்: போகாது, அரிசி மாவுதான் லென்ஸில் ஏறும். வலை மெல்லியதாக இருந்தால் படத்தில் தெரிவதே அரிது. விளக்குக்கு எதிரே எடுக்கும்போது மட்டும் வெளிறல் காணும். பழகிய ஒருவரிடம் கொடுத்துத் துடைத்தபின், மூடி இறுகிய டப்பாவில் சிலிகா ஜெல்லுடன் வைத்து, ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்கிறதா என்று சிறு மானி ஒன்றில் பார்த்துவாருங்கள். தோல் உறைக்குள் மட்டும் வைக்காதீர்கள். ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதில் தோலுக்கு நிகர் இல்லை.

கேள்வி (கோயம்புத்தூர்): மூடப்பட்ட ஸ்டுடியோ ஒன்றிலிருந்து இரண்டு பொருள்கள் கிடைத்தன: பிரிக்காத 'இந்து' கறுப்பு வெள்ளை ரோல் ஒன்று, எடுத்து முடித்துக் கழுவாமல் விட்ட கோடக்குரோம் ரோல் ஒன்று. இவற்றை என்ன செய்யலாம்?

பதில்: முதலாவது நம் உதகையில் பிறந்தது. இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் 1960-ல் அங்கே தொடங்கப்பட்டு, 1967 முதல் 'இந்து' என்ற பெயரில் பிலிமும் தாளும் தயாரித்தது. பிலிம் தயாரிக்கக் குளிர்ந்த, தூசியற்ற காற்று வேண்டும். மலையைத் தேர்ந்தது பொருத்தமே. ஆனால் உங்கள் ரோல் மலையிலிருந்து இறங்கிப் பல கோடைகளைப் பார்த்துவிட்டது. பத்தாண்டுக்கு ஒரு ஸ்டாப் (அதாவது இரு மடங்கு) கூடுதல் ஒளி என்று சொல்வார்கள். குளிரில் இல்லாமல் கிடந்த ரோலுக்கு அதுவும் போதாமல் போகலாம். முதல் சில படங்களை ஒரே காட்சியில், ஒளியை ஒவ்வொரு ஸ்டாப்பாகக் கூட்டி எடுத்து, அந்தத் துண்டை மட்டும் இருட்டில் வெட்டிக் கழுவிப் பாருங்கள். பழைய பிலிமில் படரும் சாம்பல் மூட்டத்தைக் குறைவாக எழுப்பும் எச்.சி.-110 டெவலப்பர் இதற்கு ஏற்றது. ஆனால் என்னைக் கேட்டால், அந்த ரோலைப் பிரிக்காமல் வைத்திருங்கள் என்பேன். அது எடுக்கப்போகும் படத்தைவிட அதன் பெட்டிக்கே மதிப்பு அதிகம்.

கோடக்குரோம் ரோலில் இனி நிறம் கிடைக்காது. அந்தப் பிலிமில் நிறச் சாயம் கிடையாது. கே-14 என்ற நீண்ட செய்முறையில் கழுவும்போதுதான் சாயம் ஏறும். கோடக் 2009-ல் அதன் தயாரிப்பை நிறுத்தியது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் பார்சன்ஸ் என்னும் ஊரிலிருந்த கடைசிக் கூடமும் 2010 டிசம்பர் முடிவோடு கோடக்குரோம் ரோல்களை வாங்குவதை நிறுத்திவிட்டது. கறுப்பு வெள்ளை நெகட்டிவாகக் கழுவினால் உருவங்கள் கிடைக்க வாய்ப்புண்டு. யாருடைய குடும்பம் உள்ளே இருக்கிறதோ. அதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி (சிங்கப்பூர்): ஊருக்கு வரும்போது விமான நிலையச் சோதனையில் பிலிம் கெடுமா?

பதில்: பழைய எக்ஸ்ரே கருவியில் 400 பிலிம் ஓரிரு முறை போய்வந்தால் குறைவில்லை. புதிய சி.டி. ஸ்கேனர் ஒரே முறையில் மூட்டம் ஏற்றிவிடும். ரோல்களைத் தெளிவான பையில் தனியே வைத்து, கையால் சோதிக்குமாறு கேளுங்கள். செக்-இன் பெட்டியில் மட்டும் போடவே போடாதீர்கள்.

கேள்வி (புதுச்சேரி): நண்பர்களிடம் பிலிம் படங்களைக் காட்டினால் "ஆகா, பிலிமின் அழகே அழகு" என்கிறார்கள். அதற்கு மேல் பேச்சு நகர்வதில்லை. படத்தின் கீழே என்ன எழுதினால் பேச்சு வளரும்?

பதில்: அவர்கள் பிலிமைப் பாராட்டுகிறார்கள், உங்கள் படத்தை இன்னும் பார்க்கவில்லை. மணலும் கீற்றும் இருந்தால் போதும், எந்தப் படமும் நல்ல படம் என்ற எண்ணம் இப்போது பரவியிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கேமராவின் பெயரோடு நிறுத்தாமல், எந்தப் பிலிம், எந்த ஐ.எஸ்.ஓ. எண்ணில் வைத்து எடுத்தீர்கள், எதில் எத்தனை நிமிடம் கழுவினீர்கள், ஸ்கேனில் எதைத் திருத்தினீர்கள் என்று எழுதுங்கள். நெகட்டிவின் படம் ஒன்றையும் ஓரம் வெட்டாமல் அருகில் வையுங்கள். நீங்கள் அனுப்பிய கடற்கரைப் படத்தையே எடுத்துக்கொள்வோம்: ஸ்கேனில் வெறும் வெள்ளையாக இருக்கும் வானத்தில், நெகட்டிவைப் பார்த்தால் மேகங்கள் அடர்த்தியாக இருக்கின்றன. ஸ்கேனை மறுபடி எடுத்தாலே அது வேறு படமாகிவிடும்.

கேள்வி (காரைக்குடி): வீட்டுப் பரணில் 1950-களின் பிலிம் நெகட்டிவ்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. திறந்தால் புளித்த காடி வாடை வருகிறது. சில சுருண்டுவிட்டன.

பதில்: அந்த வாடை, பிலிமின் அடித்தளமான அசிடேட் சிதைந்து அசெட்டிக் அமிலம் வெளியேறுவதால் வருவது, ஒன்றிலிருந்து அடுத்ததற்கும் பரவும். வாடை வீசுபவற்றை இன்றே தனிப்பெட்டிக்கு மாற்றுங்கள். தகர டப்பாவில் இறுக்கி மூடாதீர்கள், காற்று போக வேண்டும். சுருண்டவற்றை வலிந்து நிமிர்த்தினால் மேற்பூச்சு உரிந்துவிடும். முதலில் மோசமானவற்றைப் படம் பிடித்துவிடுங்கள்: வெள்ளைத் திரையின் மீது நெகட்டிவை வைத்து, டிஜிட்டல் கேமராவை நேர் மேலே நிறுத்தினால் போதும். தமிழகத்துப் பழைய ஸ்டுடியோப் படங்களைப் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தேடித்தேடி டிஜிட்டலாக்கியிருக்கிறது. பெட்டியில் ஸ்டுடியோ முத்திரையுள்ள உறைகள் இருந்தால் அவர்களுக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். உறைகளின் மேல் பென்சிலில் எழுதியுள்ள பெயரையும் தேதியையும், நெகட்டிவை எடுப்பதற்கு முன்பே, உறையோடு சேர்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.